ஐந்து கிலோ பல்லக்குத் தண்டு

தலையாட்டிப்பாளையத்து ஆட்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. சொன்ன சொல் தட்டாதவர்கள். பஸ் நிறுத்தத்துச் சுவரில் ‘இங்கே எச்சில் துப்பாதீர்கள்’ என்று எழுதிப்போட்ட நாளிலிருந்து, எங்கே எச்சில் வந்தாலும் அந்தச் சுவர் வரைக்கும் நடந்து வந்து, எழுதியிருப்பதை ஒரு முறை வாசித்துவிட்டு, நாலடி தள்ளிப்போய்த் துப்புகிறார்கள். பஞ்சாயத்து ஆபீசில் ‘கதவை எப்போதும் மூடி வைக்கவும்’ என்று ஒட்டிய பிறகு அந்தக் கதவை யாரும் திறந்ததில்லை. கிளார்க் ஜன்னல் வழியாக ஏறிக் குதித்துத்தான் வேலைக்குப் போய்வருகிறார்.

இந்த ஊரில் சென்னியப்பன் பெரிய மனிதர். ஓடைக்கரை அம்மன் பல்லக்கில் முதல் தோள் அவருடையது. பல்லக்குத் தண்டை முன்பக்கம் நாலு பேர், பின்பக்கம் நாலு பேர், ஆக எட்டுப் பேர் தூக்குவார்கள். எல்லாருக்கும் முன்னால், தண்டின் நுனியில் நிற்பவர்தான் முதல் தோள். திருநீறு முதலில் அவருக்கு. உடைத்த தேங்காயில் முதல் மூடி அவருக்கு. போட்டோவில் அம்மன் விழுகிறாளோ இல்லையோ, முதல் தோள் கண்டிப்பாக விழுவார். சென்னியப்பன் இருபத்தாறு மாசித் திருவிழாப் போட்டோக்களில் விழுந்திருக்கிறார்.

இருபத்தேழாவது மாசிக்கு ஆறு வாரம் இருக்கும்போது அவருடைய வலது தோள் கைவிட்டது. அறுபது கிலோ தேக்குத் தண்டை வருஷா வருஷம் தாங்கிய தோள், இடது தோளைவிட நாலு விரற்கடை கீழே இறங்கிவிட்டது. சட்டை போட்டால் ஒரு பக்கம் தரையைப் பார்த்துத் தொங்கியது. கோயமுத்தூர் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இனிமேல் இந்தத் தோள்ல அஞ்சு கிலோவுக்கு மேல எதையும் ஏத்தாதீங்க” என்றார்.

சென்னியப்பன் அங்கேயே அழுதுவிட்டார். வலிக்காக அல்ல. அவர் ஒதுங்கினால் அந்த இடத்துக்கு வரப்போகிறவன் அவருடைய பெண்டாட்டியின் தம்பி பொங்கியண்ணன். பதினோரு வருஷமாக இரண்டாம் தோளில் நின்று, மச்சானின் முதுகையே பார்த்துப் பார்த்துக் கசந்துபோனவன். தினமும் காலையில் வீடு தேடி வந்து, “மச்சானுக்குத் தோளு இப்ப எப்படி இருக்குதுங்க?” என்று விசாரிப்பான். அந்த அக்கறையைக் கேட்டாலே சென்னியப்பனுக்கு வயிறு எரியும்.

அழுகிற பெரிய மனிதரைப் பார்க்க டாக்டருக்குச் சங்கடமாக இருந்தது. வாசல்வரை கூடவே வந்து, அங்கே சாய்த்து வைத்திருந்த தன்னுடைய கறுப்புச் சைக்கிளைக் காட்டினார்.

“இதைத் தூக்கிப் பாருங்க. சுண்டுவிரல்ல தூக்குங்க.”

தூக்கினார். வந்துவிட்டது.

“இது கார்பன் ஃபைபர். பிசின் ஊறுன கறுப்புத் துணி. அதைக் குழாயாச் சுத்திச் சுட்டா இரும்பவிடப் பலம். எடையே இருக்காது” என்றார் டாக்டர், பேச்சை மாற்றிய திருப்தியில்.

சென்னியப்பனுக்கு அழுகை நின்றது. பஸ்ஸில் வரும்போதே கணக்குப் போட்டார். ஊருக்கு வந்ததும் நேராகக் கோயிலுக்குப் போய்ப் பூசாரியைப் பிடித்தார்.

“பூசாரி, நம்ம அம்மன் எத்தனை கிலோ இருப்பாங்க?”

“அம்மனைக் கிலோவுல கேக்கற நாக்கு அழுகிப்போயிருமப்பா.”

“அப்ப அம்மன் சுமையில்லீங்களே?”

“ஊரையே சுமக்கறவ அவ. அவ எப்படிச் சுமையாவா?”

“பல்லக்கு?”

“அம்மன் உக்காந்துட்டா பல்லக்கும் அம்மன்தான்.”

ஆக, அம்மனுக்கு எடை இல்லை, பல்லக்குக்கும் எடை இல்லை. மிச்சம் தண்டு ஒன்றுதான். அது ஐந்து கிலோவுக்குள் இருந்துவிட்டால் டாக்டர் பேச்சையும் மீறவில்லை, முதல் தோளையும் விடவேண்டியதில்லை. தேக்குத் தண்டில் போன வருஷமே விரிசல் விட்டிருந்ததால் கோயில் கமிட்டியும் தலையாட்டியது. அந்த ஊரில் அது ஒன்றும் கடினமான காரியமில்லை.

தண்டு செய்கிற பொறுப்பைச் செங்கோடன் ஏற்றுக்கொண்டார். நூல் மில்லுகளுக்குக் காகிதக் குழாய் சுற்றிக் கொடுக்கும் பட்டறை வைத்திருப்பவர். இரும்புக் கம்பிமேல் காகிதத்தைச் சுற்றி, பசை காய்ந்ததும் கம்பியை உருவினால் குழாய். “காயிதத்துக்குப் பதிலாத் துணி, அவ்வளவுதானே” என்றார். பத்தாவது வரை படித்தவர். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே வாசிக்கக்கூடியவர். அவரிடம் வேலை பார்க்கும் அவினாசிக்கு நாற்பது வயது. பட்டறைக்கு வரும்போது செருப்பு மாட்ட மறந்து, அதை எடுக்க வீட்டுக்குப் போனால் திரும்பி வர மறந்துவிடுகிற ஆள்.

சென்னியப்பனும் செங்கோடனும் அவினாசியும் கோயமுத்தூரில் துணி விற்கிற கம்பெனிக்குப் போனார்கள். நானும் வருவேன் என்று பொங்கியண்ணனும் தொற்றிக்கொண்டான். கம்பெனி இன்ஜினியர் நல்ல பிள்ளை. நாலு நாற்காலி போட்டு உட்காரவைத்து விளக்கினார்.

“குழாய் செய்ய மூணு வழி இருக்குங்க. ஒண்ணு, நூலைப் பிசின்ல நனைச்சு, சுத்தற கம்பிமேல மெஷின் வெச்சுக் குறுக்கும் நெடுக்குமாச் சுத்தறது. ரெண்டாவது, நூலை மொத்தமாப் பிசின்ல முக்கி, சூடான அச்சு வழியா இழுத்துட்டே இருக்கறது. மூணாவது, பிசின் ஊறுன துணியைக் கம்பியில சுருட்டி அடுப்புல வேகவைக்கறது.”

நால்வரும் தனியாகப் போய் ஒரு வேப்பமரத்தடியில் ஆலோசித்தார்கள்.

“மொத வழிக்கு மெஷின் வேணும். நம்மகிட்ட இல்ல” என்றார் செங்கோடன்.

“ரெண்டாவது சுலுவுங்க. இழுத்துட்டே இருந்தாப் போதும்” என்றான் அவினாசி.

“எப்ப நிறுத்தறதுன்னு அவரு சொல்லவேயில்லையே? இழுத்துட்டே இருந்தாத் தண்டு நீண்டுட்டே போகும். ஊரத் தாண்டிப் போயிரும்” என்றார் செங்கோடன்.

“போகட்டுமுங்க. பக்கத்து ஊருக்காரன் வெட்டி வெச்சுக்குவான்.”

“அம்மன் ஊரெல்லை தாண்டக்கூடாதப்பா” என்று சென்னியப்பன் பயந்துபோய்ச் சொன்னார். அதோடு இரண்டாவது வழி அடைபட்டது. மூன்றாவதுதான் அம்மன் சித்தம் என்று முடிவாயிற்று.

இவர்கள் ஆலோசித்ததை ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த இன்ஜினியர் அவசரமாகப் பேனாவைத் தேடினார். உட்கார்ந்து ஒரு தாளில் எல்லாவற்றையும் தெளிவாகத் தமிழில் எழுதினார். செங்கோடன் கையில் கொடுத்து, “இதுல எழுதியிருக்கறத மட்டும் செய்யுங்க. சொந்தமா எதையும் யோசிக்காதீங்க” என்றார். எத்தனையோ பேருக்குச் சொன்ன வார்த்தைதான், ஆனால் தலையாட்டிப்பாளையத்துக்காரர்களிடம் அவர் அதைச் சொல்லியிருக்கக்கூடாது.

துணி ஐஸ் பெட்டியில் வந்தது. தாளின் முதல் வரி: ‘துணியைக் குளிர்பெட்டியில் வைக்கவும். வெளியே எடுத்தபின், துணியும் அறையும் ஒரே வெப்பத்துக்கு வரும்வரை பிரிக்கக்கூடாது.’

பட்டறைக்குள் மாசி மாதத்து வெயில் தகித்தது. துணிச் சுருளோ விறைத்துக் கிடந்தது. செங்கோடன் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ஒரே வெப்பத்துக்கு வரணுமாம். யாரு யாருகிட்ட வரணும்னு போடல.”

“துணி அம்மனுக்கு வந்தது. நாமதான் இறங்கிப் போகோணும்” என்றார் சென்னியப்பன். நியாயமாகப் பட்டது. ஐஸ் ஃபேக்டரியிலிருந்து பன்னிரண்டு பாளம் இறக்கி, பட்டறையின் நாலு மூலையிலும் அடுக்கிக் கதவைச் சாத்தினார்கள். போர்வையைப் போர்த்திக்கொண்டு நாலு பேரும் உள்ளே உட்கார்ந்தார்கள். ஒரு கை சுவரில், ஒரு கை துணியில். பல் தந்தியடித்தது. சாயங்காலத்துக்குள் ஐஸ் முழுக்கக் கரைந்து முழங்காலளவு தண்ணீர் நின்றது. துணியும் தானாகச் சூடேறி அறைக்குச் சமமாகிவிட்டது. முட்டாள்தனத்துக்கும் சில நாள் நல்ல நேரம் அமைவதுண்டு.

இரண்டாவது வரிக்குக் கீழே இன்ஜினியர் மூன்று கோடு போட்டிருந்தார். ‘துணி சுற்றுவதற்கு முன் கம்பியில் மெழுகு பூச மறக்கவே கூடாது.’

“மூணு கோடு போட்டிருக்காரு. இதுதான் முக்கியம். மறக்காம இருக்கற வேலை யாருக்கு?” என்று செங்கோடன் கேட்டார்.

“எனக்குக் குடுங்க” என்று அவினாசி எழுந்தான். “பொறந்ததுல இருந்து மறதிக்காரன் மறதிக்காரன்னு ஊரே சொல்லுது. இத ஒண்ணையாச்சும் மறக்காம இருந்து காட்டறனுங்க.”

கொடுத்தார்கள். கட்டி மெழுகையும் அவனிடமே ஒப்படைத்தார்கள். அவினாசி துண்டில் முடிச்சுப் போட்டுக்கொண்டான். ஒரு மூலையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, “மெழுகு, மெழுகு” என்று முணுமுணுக்க ஆரம்பித்தான். சோறு வந்தது, தட்டை நகர்த்திவிட்டான். பெண்டாட்டி வந்து கூப்பிட்டாள். யாரென்று பார்த்தானே தவிர மெழுகை விடவில்லை. மூன்று நாள் இப்படி. அவன் ஞாபகம் கலைந்துவிடக்கூடாது என்று மற்றவர்கள் அவனைச் சுற்றிக் கால்விரலில் நடந்தார்கள்.

அந்த மூன்று நாளில்தான் துணியைச் சுற்றினார்கள். பதினைந்தடி நீளம், மூன்று அங்குலப் பருமனில் உருண்டை இரும்புக் கம்பி. அதன்மேல் பதினாலடிக்குத் துணி. ‘முதல் சுற்று நேராக, அடுத்த சுற்று நாற்பத்தைந்து டிகிரி சாய்வாக’ என்று தாள் சொன்னது. முதல் சுற்றை நெட்டுக்குத்தாக நின்று சுற்றினார்கள். அடுத்ததற்குச் சாய வேண்டுமே. பொங்கியண்ணன் சாய்ந்தான், விழுந்தான். செங்கோடன் சாய்ந்தார், அவரும் விழுந்தார். கடைசியில் ஆளுக்கொரு கயிறை இடுப்பில் கட்டி உத்தரத்தில் இழுத்துக் கட்டிக்கொண்டு சாய்ந்தார்கள்.

சென்னியப்பனுக்கு மட்டும் கயிறு தேவைப்படவில்லை. “மச்சான் ஏற்கெனவே சாஞ்சுதானே இருக்காரு” என்றான் பொங்கியண்ணன். ஊமைக் குத்துதான். ஆனால் செங்கோடன் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்து, “கச்சிதமா இருக்குது” என்று மெச்சியதில் சென்னியப்பனுக்குப் பெருமை பிடிபடவில்லை. இத்தனை வாரத்தில் முதல் தடவையாக அந்தத் தோளைத் தடவிக்கொடுத்தார்.

அடுத்தது, துணிக்குமேல் நாடாவை இறுக்கிச் சுற்றுவது. ‘உள்ளே காற்றே இருக்கக்கூடாது.’ ஃபேனை நிறுத்தினார்கள், ஜன்னலை அடைத்தார்கள். அப்புறமும் மூக்கு வழியாக வருகிறதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றினார்கள். முடியாதவன் வாசலுக்கு ஓடிப்போய் ஒரு மூச்சு விட்டுவிட்டு வருவான். நாடா நன்றாக இறுகியதா என்று எனக்குத் தெரியாது. செங்கோடன் இரண்டு முறை மயங்கி விழுந்தது தெரியும்.

பிறகு தகரத்தில் நீள அடுப்பு கட்டி, கம்பியோடு உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். ‘நூற்றிருபது டிகிரியில் இரண்டு மணி நேரம். இடையில் எக்காரணம் கொண்டும் கதவைத் திறக்கக்கூடாது.’ தள்ளுவதற்கு முன்பே அதை வாசித்திருந்தார்கள்; அடுத்த வரி என்ன என்று பார்க்கத் தாளைத் தேடினார்கள். தாள் அடுப்புக்குள் போயிருந்தது. செங்கோடன் கம்பியைத் தள்ளும்போது அதன்மேல் வைத்தவர் எடுக்கவில்லை.

“திறந்து எடுத்துரலாமுங்களா?” என்றான் பொங்கியண்ணன்.

“எக்காரணம் கொண்டும்னு போட்டிருக்குதே” என்றார் செங்கோடன்.

“அது தாளுக்குள்ளதானே போட்டிருந்துச்சு? தாளே உள்ள இருக்குதே.”

இந்தக் கேள்வியில் இருந்த ஆழம் எல்லாரையும் உட்காரவைத்துவிட்டது. இரண்டு மணி நேரம் அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்ததால் கதவைத் திறக்கும் நேரமும் சரியாக வந்துவிட்டது. தாள் அப்பளமாகப் பொரிந்திருந்தது. தொட்டதும் பாதி உதிர்ந்தது. மிஞ்சியது இரண்டே வரி. ‘குளிர்ந்ததும் கம்பி தானாக இளகிக்கொடுக்கும், அப்போது இழுக்கவும்.’ கடைசியில், ‘குழாயின் எடை ஐந்து கிலோ.’

“அஞ்சு கிலோ” என்று சென்னியப்பன் அந்த வரியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அது அவர் இமையிலேயே உதிர்ந்து ஒட்டியது.

தண்டு பார்க்க அழகாகத்தான் இருந்தது. கறுப்பாக, வழவழவென்று. இரண்டு முனையிலும் அரையடி இரும்பு எட்டிப் பார்த்தது. ஆறியதும் கம்பியை இழுத்தார்கள். வரவில்லை.

“அவினாசி, மெழுகு பூச மறந்தயா?” என்று செங்கோடன் கேட்டார்.

அவினாசி மூலையிலிருந்து மெல்ல எழுந்தான். மூன்று நாள் சோறில்லாத முகத்தில் அப்படியொரு ஒளி.

“மறக்கறதா? இந்த நிமிஷம் வரைக்கும் ஒரு நொடிகூட மறக்கலீங்க” என்று மடியிலிருந்து மெழுகுக் கட்டியை எடுத்துக் காட்டினான். முழுசாக இருந்தது.

செங்கோடன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பூசலியா?” என்றார் சென்னியப்பன்.

“பூசறதுன்னா அதுல கவனம் போயிருமுங்களே. அப்பறம் எப்படி ஞாபகம் வெச்சுக்கறது?”

செங்கோடன் கண்ணை மூடி, உதிர்ந்துபோன வரியை மனசுக்குள் வாசித்தார். “மறக்கக்கூடாதுன்னுதான் போட்டிருந்துச்சு. அவன் மறக்கல. அவன் மேல தப்பில்லை” என்று தீர்ப்புச் சொன்னார். எல்லாரும் அவினாசியின் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அவன் அழுதான். அவனை வீட்டில் கொண்டுபோய் விடும்போது ஊர் எல்லாம் வாசலில் நின்று பார்த்தது.

கம்பியை இழுக்க டிராக்டர் கொண்டுவந்தார்கள். முன்னால் நீட்டிக்கொண்டிருந்த முனையில் சங்கிலியை மாட்டும்போதே பொங்கியண்ணன் குறுக்கே வந்தான்.

“அந்தப் பக்கம் மட்டும் இழுத்தா இந்தப் பக்கத்து முனை என்ன பாவம் பண்ணுச்சு? எந்தப் பக்கம் இழுக்கணும்னு எழுதியிருக்குதுங்களா?”

எழுதவில்லைதான். இன்னொரு டிராக்டர் வந்தது. இரண்டு முனையிலும் சங்கிலி மாட்டி, இரண்டு டிராக்டரும் ஆளுக்கொரு பக்கம் முழு வேகத்தில் இழுத்தன. புகை ஊரை மறைத்தது. கம்பி வரவில்லை. நாலு சக்கரம் புதைந்ததுதான் மிச்சம்.

“தாள்ல தானாக இளகும்னு போட்டிருக்குது” என்று செங்கோடன் நிதானமாகச் சொன்னார். “நாம இப்படி அதையே பாத்துட்டு நின்னா, அது எப்படித் தானாக இளகும்? கூச்சமா இருக்காதா?”

தண்டை ஓர் அறையில் தனியாகக் கிடத்தி, கதவைச் சாத்தி, நாலு நாள் யாரும் அந்தப் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் தட்டிவிட்டுத் திறந்தார்கள். கம்பி உள்ளேயேதான் இருந்தது.

“வெளிய வந்திருக்கும். ஆளுகளக் காணமேன்னு திரும்ப உள்ள போயிருச்சு” என்றான், சாப்பிட்டுத் தெம்பாகியிருந்த அவினாசி.

அதற்குமேல் நாள் இல்லை. மறுநாள் திருவிழா. சென்னியப்பனுக்கு உள்ளூர ஒரு பயம் வந்து உட்கார்ந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று இரும்புக்கடைத் தராசில் தண்டை ஏற்றினார்கள். நூற்று அறுபத்தெட்டு கிலோ காட்டியது.

“இரும்புக்கடைத் தராசு. அதுக்கு இரும்புதான் பழக்கம். இதையும் இரும்புன்னு நெனச்சுருச்சு” என்றார் செங்கோடன். “தாள்ல அஞ்சுன்னு இருக்குது. தாளு இன்ஜினியர் எழுதுனது. தராசு என்ன படிச்சிருக்குது?”

சென்னியப்பனுக்கு நெஞ்சு லேசாயிற்று. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவரிடம் அவர் பெண்டாட்டி தெய்வாத்தாள் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: “ஏனுங்க, அந்தத் தண்டுக்குள்ள இரும்புக் கம்பி அப்படியே இருக்குதுன்னு சொல்றாங்களே. அப்பறம் எப்படி அஞ்சு கிலோ ஆகும்?”

“ஏம்புள்ள, குழாயோட எடைதான் அஞ்சு கிலோ. கம்பியோட எடையப் பத்தித் தாள்ல ஒண்ணுமே போடல. போடாத எடை எப்படி இருக்கும்?”

தெய்வாத்தாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். முப்பது வருஷமாக இப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் காலையில் கொட்டு முழங்கியது. நீட்டிக்கொண்டிருந்த இரும்பு முனைகளுக்குச் சாமந்திப்பூச் சுற்றிவிட்டார்கள். பல்லக்கைத் தண்டில் தொங்கவிட்டு, அம்மனை உள்ளே வைத்துப் பட்டுச் சாத்தினார்கள். சென்னியப்பன் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, இருபத்தேழாவது முறையாக முதல் தோளில் போய் நின்றார். அவருக்குப் பின்னால் பொங்கியண்ணன்.

“மச்சான், முடியலீன்னா இப்பவே சொல்லிருங்க. நான் முன்னால வந்துக்கறேன்.”

“அஞ்சு கிலோதான் மாப்ள. நீ உன் தோளப் பாத்துக்க.”

“தூக்கு!” என்றார் பூசாரி.

எட்டுப் பேரும் தூக்கினார்கள். ஏழு பேருக்குக் கண் பிதுங்கியது. பொங்கியண்ணனின் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. பின்பக்கத்தில் ஒருவர் “அம்மா!” என்று அலறினார், பக்தி என்று ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பத்தடி நகர்வதற்குள் முழங்கால்கள் மடங்கி, “இறக்கு, இறக்கு” என்று கத்தி, தண்டை நிறுத்தும் முட்டுக்கட்டையில் இறக்கிவிட்டார்கள்.

“என்னுங்க இது, இந்தக் கனம் கனக்குது?” என்று ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். “தண்டுலதான் கோளாறு!”

செங்கோடன் முகம் செத்துவிட்டது. எல்லாரும் முதல் தோளைப் பார்த்தார்கள்.

சென்னியப்பன் ஒரு சொட்டு வேர்வை இல்லாமல் நின்றிருந்தார். அவர் முகத்தில் இருந்த ஆச்சரியத்தை எப்படிச் சொல்வது? இருபத்தாறு வருஷமாகத் தாங்கி ரணமான தோளில் இன்றைக்கு ஒன்றுமே தெரியவில்லை. எப்படித் தெரியும்? மற்றவர்களின் தோளெல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அவருடையது நாலு விரற்கடை கீழே. தண்டுக்கும் அவர் தோளுக்கும் நடுவில் ஒரு தேங்காய் மூடியை வைத்து எடுக்கலாம். அந்த இடைவெளிக்குக் கீழே அவர் கம்பீரமாக நடந்துவந்திருந்தார்.

“சத்தியமாச் சொல்றேன்” என்றார். கண் கலங்கியிருந்தது. “தண்டு தோள்ல இருக்கறதே தெரியல. அஞ்சு கிலோகூட இருக்காது. காத்து மாதிரி இருக்குதுங்க.”

முதல் தோள் அம்மன் சன்னிதியில் பொய் சொல்லமாட்டார். அப்படியானால் தண்டு லேசுதான். பின்னே கனம் எது? எல்லாருடைய கண்ணும் மெல்லப் பல்லக்குப் பக்கம் திரும்பியது.

“பூசாரி” என்றார் செங்கோடன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அம்மனுக்கு இந்த வருஷம் படையல் கொஞ்சம் ஜாஸ்தியோ?”

பூசாரி சங்கடப்பட்டார். “நாப்பது பொங்கல் வெச்சாங்க. அவ யாரு வெச்சாலும் வேண்டாங்க மாட்டா.”

“அதுதான்” என்றார்கள் ஏழு பேரும்.

அம்மனை மரியாதையாக இறக்கினார்கள். தூக்கிப் பார்த்தார்கள், இன்னும் கனம். பல்லக்கின் மாலைகளைக் கழற்றினார்கள். அதைச் சுற்றியிருந்த பட்டுத்துணியை அவிழ்த்தார்கள். கடைசியில் பல்லக்கையே கழற்றிக் கோயில் வாசலில் ஓரமாக வைத்தார்கள். இப்போது வெறும் தண்டு. தூக்கினார்கள். தள்ளாடினாலும் நகர முடிந்தது.

“பாத்தீங்களா? தண்டுல ஒரு கோளாறும் இல்ல” என்றார் செங்கோடன்.

கொட்டு மறுபடி முழங்கியது. தண்டு ஊர்வலம் புறப்பட்டது. நாலு வீதியிலும் பெண்கள் தண்டுக்குத் தேங்காய் உடைத்தார்கள், சூடம் காட்டினார்கள். சென்னியப்பன் வலது கையால் தண்டை லேசாகத் தடவியபடி, போட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவர் தாங்காத பங்கையும் சேர்த்துப் பின்னால் பொங்கியண்ணன் தாங்கினான்.

அம்மனைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாதே. பூசாரி அவளை மடியில் வைத்துக்கொண்டு, மருமகனுடைய மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வந்தார். இத்தனை மெதுவாக மொபெட் ஓட்ட முடியாமல் இரண்டாம் வீதியில் ஊர்வலத்தை முந்திக்கொண்டு போய்விட்டார்கள். தண்டு வந்து சேர்வதற்குள் அம்மன் ஊரை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, கோயில் வேப்பமரத்து நிழலில் காத்திருந்தாள்.

மத்தியானம் தண்டை இறக்கியபோது ஏழு பேரும் அப்படியே தரையில் படுத்துவிட்டார்கள். பொங்கியண்ணன் எழ முயன்றபோது அவனுடைய வலது தோள் நாலு விரற்கடை இறங்கியிருந்தது.

“கவலைப்படாத மாப்ள. அடுத்த வருஷம் உனக்கும் காத்து மாதிரிதான் இருக்கும்” என்று சென்னியப்பன் உண்மையான அன்போடு சொன்னார். முதல் தோள் நிலைத்த சந்தோஷத்தில் அவருக்கு இன்றைக்கு மச்சினன்மேல்கூடப் பாசம் பொங்கியது.

அங்கேயே, அம்மன் முன்னிலையில், கமிட்டி கூடியது. தண்டு லேசு என்பதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. அதைத் தூக்குவதுதான் கஷ்டம் என்பதிலும் மாற்றுக்கருத்து இல்லை. வெகுநேரம் தலையைச் சொறிந்தார்கள். கடைசியில் சென்னியப்பன்தான் எழுந்தார்.

“பல்லக்கத் தூக்கறதுக்குத் தண்டு வெச்சிருக்கறோம். தண்டத் தூக்கறதுக்கு என்ன வெச்சிருக்கறோம்? ஒண்ணுமில்லயே. வெறுந்தோள்ல தூக்குனா வலிக்காம என்ன செய்யும்?”

ஊரே தலையாட்டியது. இத்தனை எளிய விஷயம் இன்ஜினியருக்குக்கூடத் தோன்றவில்லையே என்று செங்கோடன் வியந்தார். இந்தத் தண்டைத் தூக்க, இதேபோல, இதே கையால், இதே அஞ்சு கிலோவில் இன்னும் இரண்டு தண்டு செய்வதென்று தீர்மானமாயிற்று.

“மெழுகு இந்தத் தடவையும் நான்தானுங்களே?” என்று அவினாசி ஆவலோடு கேட்டான்.

“ரெண்டு தண்டுக்கு ஒருத்தன் ஞாபகம் பத்தாது” என்று செங்கோடன் யோசித்து, எழ முடியாமல் கிடந்த பொங்கியண்ணனையும் கூடச் சேர்த்தார். ஆளுக்கொரு மெழுகுக் கட்டி கொடுக்கப்பட்டது. திருவிழாவுக்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது. ஆனாலும் அசட்டையாக இருக்கக்கூடாது என்று, இருவரும் அந்த வேப்பமரத்தடியிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, அப்போதே ஞாபகம் வைத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள்.